1480, புளோரன்ஸ்: மறுமலர்ச்சிக் கால வேடம் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடைதோறும் நடக்கும் ரெனசான்ஸ் ஃபேர் திருவிழாக்களுக்கும், பழைய காலத்தை வாழ்ந்து காட்டும் வரலாற்றுக் குழுக்களுக்கும் புதிதாக வரும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் சில ஆண்டுகளாக 1480ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு கைம்பெண்ணாக வேடம் கட்டுகிறேன். அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாமே அந்த ஊரிலிருந்தும் அந்த ஆண்டிலிருந்தும் வரும். வேறு ஊரை எடுத்துக்கொண்டாலும் வழி இதேதான்.

பாத்திரம் உருவாக்குவது என்றால் என்ன? நாடகத்தில் நடிப்பது போலத்தானே?

நாடகத்தில் வசனத்தை யாரோ எழுதித் தருவார்கள், இரண்டு மணி நேரத்தில் திரை விழுந்துவிடும். இங்கே வசனம் கிடையாது. நீங்கள் அடுப்பருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பீர்கள், யாரோ வந்து "உங்கள் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பார். அந்த நொடியில் பதில் வர வேண்டும். அதற்காக, உண்மையில் வாழாத, ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஓர் ஆளை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரெனசான்ஸ் ஃபேர் வகைத் திருவிழாக்களில் பெரும்பாலும் முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்துதான். அங்கே ஒரு தேவதை சிறகோடு நடந்துபோனாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். 1966இல் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்து விருந்தாகத் தொடங்கிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் என்ற அமைப்பு 1600க்கு முந்தைய காலத்தை எடுத்துக்கொள்கிறது. உடையில் அந்தக் காலத்தை எட்ட ஒரு முயற்சியாவது தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. பெயர் வைத்தால் போதும், கதை உங்கள் விருப்பம். இன்னும் கறாரான குழுக்களில் வாயைத் திறந்தால் அந்த ஆளாகவே பேச வேண்டும். இந்தப் பக்கம் அந்த மூன்றாவது வகையை மனதில் வைத்து எழுதியது. மற்ற இரண்டிலும் இது கொஞ்சம் அதிகப்படி, ஆனால் கெடுதல் இல்லை.

சரி, எதில் தொடங்குவது? முதலில் துணி எடுக்கலாமா?

வேண்டாம். "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆள் பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். முதல் முறை ஊதா நிறப் பாலியஸ்டர் வெல்வெட்டில், தலையில் கிரீடத்தோடு, "புளோரன்ஸ் இளவரசி"யாகப் போனேன். ஜூலை வெயில். எட்டு வயது இருக்கும் ஒரு சிறுவன் வந்து, "உங்கள் அப்பா பெயர் என்ன, எந்த ராஜா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது, 1480இல் புளோரன்ஸில் ராஜாவே கிடையாது, அது குடியரசு.

அதற்குப் பிறகு நான் கண்டுகொண்ட வழி: வரிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

1427இல் புளோரன்ஸ் அரசு, மிலானோடு நடந்த போரில் கஜானா காலியானதால், கதாஸ்தோ என்ற வரிக் கணக்கெடுப்பை நடத்தியது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன நிலம், யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரசின் ஆட்சிப் பகுதி முழுவதும் சேர்த்து சுமார் 60,000 குடும்பங்கள், 2,60,000 பேர். அதை வரலாற்றாய்வாளர்கள் கணினியில் ஏற்றினார்கள். நகரத்துக் குடும்பத் தலைவர்களின் பட்டியலைப் பிரவுன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பிறகும் சில முறை இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. 1480இலும் ஒன்று உண்டு. ஆனால் மாதிரிக்கு 1427தான் நல்லது, அதுதான் விரிவானது.

உங்கள் பாத்திரத்துக்கு அப்படி ஒரு வரிக் கணக்கை நீங்களே எழுதுங்கள். என்னுடையது இது, முழுக்க முழுக்கக் கற்பனை:

*மொன்னா லிசாபெத்தா, காலஞ்சென்ற மருந்துக் கடைக்காரர் ஜொவன்னி தி பியெரோவின் மனைவி. சாந்தோ ஸ்பிரித்தோ பகுதி, ஏணிச் சின்னக் கொடி கொண்ட வட்டாரம்.*

*வாய்கள்: நான், வயது 40. மகன் பியெரோ, 17. மகள் ஜினேவ்ரா, 11. மாமியார், 70, கண் தெரியாது.*

*சொத்து: குடியிருக்கும் வீடு. ஊருக்கு வெளியே ஒலிவ மரங்களோடு சிறு நிலம், விளைச்சலில் பாதிப் பங்குக்கு விட்டிருக்கிறது.*

*தர வேண்டியது: வெனிஸ் வியாபாரிக்கு மிளகுக்காக 22 புளோரின் (தங்கக் காசு). கடை வாடகை ஆறு மாதம்.*

*வர வேண்டியது: ஓர் ஓவியர் சாதிலிங்கம் என்ற சிவப்பு வண்ணப் பொடி வாங்கியதில் 9 புளோரின். வரும் என்ற நம்பிக்கை இல்லை.*

இந்தச் சில வரிகளுக்குள் ஒரு நாள் முழுக்கப் பேச விஷயம் இருக்கிறது. "வாய்கள்" என்பது என் சொல் அல்ல; அவர்களே அப்படித்தான் எழுதினார்கள். 1427 விதிப்படி ஒரு வாய்க்கு 200 புளோரின் கழிவு. குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை. அதனால் வயதான மாமியார் வரிக்கு நல்லவர். வயது 40, 70 என்று முழு எண்ணாக இருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். அந்தக் கணக்குகளில் பெரியவர்கள் வயதைப் பத்தின் மடங்காகச் சொல்வது மிகச் சாதாரணம். யாருக்குப் பிறந்த நாள் நினைவிருந்தது?

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்று திகைப்பவர்களுக்கு: உங்களுக்கு ஏற்கெனவே கை பழகிய ஒன்றைப் பாருங்கள். தையல் தெரிந்தால் தையல்காரர், கணக்கு தெரிந்தால் வங்கிக் குமாஸ்தா. எங்கள் தாத்தா வீட்டருகே ஒரு நாட்டு மருந்துக் கடை இருந்தது. சுக்கு, திப்பிலி, கிராம்பு வாசனையோடுதான் வளர்ந்தேன். புளோரன்ஸ் மருந்துக் கடையும் கிட்டத்தட்ட அதுதான். மிளகு, இலவங்கப்பட்டை, சர்க்கரை, மெழுகுவர்த்தி, ஓவியர்களுக்கான வண்ணப் பொடி எல்லாம் அங்கேதான் விற்றார்கள். ஓவியர்களும் மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் ஒரே தொழில் சங்கம் என்பது பலருக்கு ஆச்சரியம்.

பிரபுவாகவோ சீமாட்டியாகவோ இருக்கக் கூடாதா? எல்லோரும் கடைக்காரர்தானா?

இருக்கலாம், ஆனால் ஊரைப் பார்த்து இருங்கள். 1293இல் புளோரன்ஸ் கொண்டுவந்த சட்டங்கள் பழைய பிரபுக் குலங்களை ஆட்சிப் பதவிகளிலிருந்து ஒதுக்கின. ஊரை ஆண்டது ஒன்பது பேர் கொண்ட சபை. அவர்களுக்கும் பதவிக் காலம் இரண்டே மாதம். லொரென்சோ மெடிசி திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் நகர்த்தினார், ஆனால் பட்டம் எதுவும் இல்லாத ஒரு குடிமகன்தான். ஆகவே பணக்காரராக வேண்டுமானால் பட்டு வியாபாரியாகவோ வங்கிக்காரராகவோ வாருங்கள். மன்னர் குடும்பம்தான் வேண்டும் என்றால் நேப்பிள்ஸுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, லொரென்சோவாகவே வரக் கூடாது. உண்மையில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒருவரின் பெயரை வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான குழுக்கள் ஏற்பதில்லை. உழைத்து வாங்காத பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொள்வதையும் ஏற்பதில்லை.

பெயர் எப்படி வைப்பது?

தமிழருக்கு இது மிக எளிது. நம் இனிஷியல் முறைதான் அங்கேயும். பியெரோ தி ஜொவன்னி என்றால் ஜொவன்னியின் மகன் பியெரோ. தாத்தா பெயரையும் சேர்த்து பியெரோ தி ஜொவன்னி தி பியெரோ என்று நீட்டலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. பெரிய குடும்பங்களுக்கு மட்டும்தான் நிலையான குடும்பப் பெயர். சாதாரண ஆள் தந்தை பெயரோடும் தொழிலோடும் நின்றுவிடுவார்.

பெயருக்கு முன்னால் வருவதில் கவனம் தேவை. மணமான பெண்ணுக்கு மொன்னா. நோட்டரிக்கு ஸேர். வீரப் பட்டம் பெற்றவருக்கும் சட்டம் படித்த பண்டிதருக்கும் மெஸ்ஸேர். மருத்துவருக்கும் கைதேர்ந்த தொழில்காரருக்கும் மாயெஸ்த்ரோ. கடைக்காரரை மெஸ்ஸேர் என்று கூப்பிட்டால் கேலி செய்வதாக நினைப்பார்.

தந்தை பெயர் இல்லாத பாத்திரமும் உண்டு. 1445இல் திறந்த இன்னொச்செந்தி இல்லத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்தார்கள். அங்கே வளர்ந்த பலருக்கு அந்த இல்லத்தின் பெயரே குடும்பப் பெயர் ஆனது. இன்றும் டஸ்கனியில் அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது. ஊரும் உறவும் எதுவும் தெரியாத புதியவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதுண்டு. "உன் அப்பா யார்?" என்று கேட்டால் நேர்மையாகவே "தெரியாது" என்று சொல்லிவிடலாமே.

இப்போதாவது துணியைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். பெண்ணுக்கு அடியில் லினன் துணியில் கமீச்சா என்ற நீண்ட உள்ளங்கி. அதன்மேல் கமுர்ரா என்ற கம்பளிக் கவுன், மார்பிலோ பக்கவாட்டிலோ கயிறு கோத்து இறுக்குவது. கவுனின் கைப்பகுதியைத் தனியாகக் கழற்றி மாட்டலாம்; கைக்கு மட்டும் விலையுயர்ந்த துணி போட்டுப் பகட்டுக் காட்டுவது அன்றைய தந்திரம். வெளியே போகும்போது அதற்கு மேல் ஓர் அங்கி. கைம்பெண் என்றால் கறுத்த மேலங்கி, வெள்ளை முக்காடு. ஆணுக்குக் கமீச்சா, அதன்மேல் ஃபர்செத்தோ என்ற இறுக்கமான மேற்சட்டை, கால்சே என்ற, காலோடு ஒட்டிய நீண்ட காலுறை. கால்சே இடுப்பில் நிற்காது, ஃபர்செத்தோவோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். குனிந்து வேலை செய்யும்போது பின்பக்கக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். பெரிய மனிதர்களுக்குக் கணுக்கால்வரை சிவப்பு அங்கி.

எதைப் பார்த்துத் தைப்பது? எல்லோரும் கிர்லாந்தாயோ என்ற ஓவியரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலய ஓவியங்களைக் காட்டுவார்கள். அழகுதான், ஆனால் அதில் இருப்பவர்கள் ஊரின் பெரும் பணக்காரர்கள். சாதாரண ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால் சான் மார்த்தினோ சிற்றாலயத்துச் சுவரோவியங்களைத் தேடுங்கள். 1442இல் தொடங்கிய ஒரு தரும அமைப்பின் இடம் அது. நொடித்துப்போய், பிச்சை கேட்கக் கூசும் குடும்பங்களுக்கு உதவியவர்கள். நோயாளிக்கு மது கொடுப்பது, வரதட்சணைக்கு உதவுவது, இறந்தவரைப் புதைப்பது என்று அவர்களுடைய வேலைகளையே அங்கே வரைந்திருக்கிறார்கள். கிர்லாந்தாயோவின் பட்டறை கைவண்ணம் என்கிறார்கள். என் கமுர்ராவின் வெட்டு அங்கிருந்துதான் வந்தது.

பாலியஸ்டர் வேண்டாம் என்று சொல்வது கண்டிப்புக்காக அல்ல, உயிர்மேல் உள்ள ஆசையால். லினனும் மெல்லிய கம்பளியும் வியர்வையை இழுத்துக்கொள்ளும். ஊதா வெல்வெட்டுக்குள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நிறத்தில் ஒரு குறிப்பு. மஞ்சிட்டி வேரில் எடுத்த சிவப்பு மலிவு. கெர்மெஸ் என்ற பூச்சியிலிருந்து எடுத்த கருஞ்சிவப்பு மிக விலை. நல்ல கறுப்பும் மலிவு அல்ல, பல முறை முக்கி எடுக்க வேண்டும். என் மொன்னாவின் கறுப்பு அங்கி அதனால் கொஞ்சம் வெளிறியது. யாராவது கேட்டால், வெனிஸ்காரனுக்கு 22 புளோரின் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

காசுக் கணக்கு தலை சுற்றுகிறது. எளிதாகச் சொல்லுங்கள்.

பழைய அணா, பைசா கணக்கு தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. 12 தெனாரி ஒரு சொல்தோ. 20 சொல்தி ஒரு லிரா. இதெல்லாம் வெள்ளிப் பக்கம். தங்கப் பக்கம் புளோரின்: 1252 முதல் அடித்தது, சுமார் மூன்றரை கிராம் சுத்தத் தங்கம், ஒரு பக்கம் லில்லி, மறுபக்கம் ஸ்நாபக யோவான். இரண்டுக்கும் இடையே மதிப்பு நிலையாக நிற்கவில்லை. வெள்ளி தேயத் தேயப் புளோரின் ஏறியது. 1480 வாக்கில் ஒரு புளோரின் ஏறத்தாழ 6 லிரா என்று வைத்துக்கொள்ளலாம். கட்டட வேலைக் கூலியாளுக்கு நாளுக்கு 8 முதல் 10 சொல்தி. அதாவது ஒரு தங்கக் காசுக்குப் பன்னிரண்டு, பதினைந்து நாள் மண் சுமக்க வேண்டும். கூலியோ வெள்ளியில் வருகிறது, பெரிய வியாபாரமோ தங்கத்தில் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அந்த ஊரின் பாதிச் சண்டைகள் புரிந்துவிடும்.

வரலாறு எவ்வளவு படிக்க வேண்டும்?

உங்கள் ஆள் அறிந்திருக்கும் அளவு. அதற்கு மேல் தெரிந்தால் மறைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அதுதான் கஷ்டம்.

1480இல் என் மொன்னாவுக்கு என்ன தெரியும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, பேராலயத்தில் பூசை நடக்கும்போதே பாட்ஸி குடும்பத்து ஆட்கள் லொரென்சோவின் தம்பி ஜூலியானோவைக் குத்திக் கொன்றார்கள். லொரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பினார். அன்றே சதிகாரர்களை அரசு மாளிகை ஜன்னலில் தூக்கில் தொங்கவிட்டார்கள். லொரென்சோ பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக அவருடைய ஆளுயர மெழுகு உருவங்களைச் செய்து தேவாலயங்களில் வைத்தார்கள். மொன்னா மெழுகு விற்பவள் அல்லவா? வருகிறவர்களிடம் நான் அரசியலைப் பேசுவதில்லை, அந்த வாரம் மெழுகு என்ன விலைக்கு ஏறியது என்றுதான் புலம்புவேன். கூட்டம் அதைத்தான் ரசித்துக் கேட்கிறது. பிறகு போப்போடும் நேப்பிள்ஸ் மன்னரோடும் போர். லொரென்சோ தாமே நேப்பிள்ஸுக்குப் போய் 1480 மார்ச்சில் சமாதானத்தோடு திரும்பினார். ஆகஸ்டில் துருக்கியர் தென் இத்தாலியத் துறைமுகமான ஓத்ராந்தோவைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்து ஊரே நடுங்கியது.

தெரியாதவை: அமெரிக்கா. போட்டிசெல்லியின் கடலில் பிறக்கும் வீனஸ், அதை இன்னும் வரையவில்லை. லியொனார்தோ யாரோ ஒரு 28 வயது ஓவியர், மிக்கெலாஞ்செலோ ஐந்து வயதுப் பையன். முக்கியமாக "மறுமலர்ச்சி" என்ற சொல். "நான் மறுமலர்ச்சிக் காலத்தைச் சேர்ந்தவள்" என்று பாத்திரத்துக்குள் நின்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் எங்கள் குழுவில் பாத்திரம் கழுவும் வேலை.

நாளும் நேரமும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் பிறக்கும். பிப்ரவரி 1480 என்று அவர்கள் எழுதினால் நம் கணக்கில் 1481. மணி சூரியன் மறைவதிலிருந்து எண்ணப்படும். பேராலயத்துக்குள் ஊச்செல்லோ 1443இல் வரைந்த கடிகார முகம் இன்றும் இருக்கிறது: 24 மணி, ஒற்றை முள், அதுவும் இடப்பக்கமாகச் சுற்றும்.

நான் பார்க்கவே தமிழாள். இத்தாலியராக வந்தால் சிரிக்கமாட்டார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நல்ல குழு எதுவும் தோலைப் பார்த்து வேடம் கொடுக்காது; கொடுத்தால் வேறு குழு பாருங்கள். நான் புளோரன்ஸ்காரியாகத்தான் வருகிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு பாட்டி மட்டும் "நீ உண்மையில் எங்கிருந்து?" என்று கேட்டார். "ஆற்றுக்குத் தென்கரை" என்றேன், சாந்தோ ஸ்பிரித்தோ அங்கேதானே இருக்கிறது.

ஆனால் நம் கரையிலிருந்தே ஒரு நூலைப் பிடிக்க வேண்டுமென்றால், உண்மையான நூல்கள் இருக்கின்றன. நிக்கொலோ தெ கோந்தி என்ற வெனிஸ் நாட்டு வியாபாரி 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிழக்கே சுற்றினார், மயிலாப்பூருக்கும் வந்தார். உயிருக்குப் பயந்து மதம் மாறியதற்கு மன்னிப்புக் கேட்டுப் போப்பிடம் போனபோது, போப் அப்போது புளோரன்ஸில் இருந்தார். போப்பின் செயலாளர் பொஜ்ஜோ அவருடைய கதையைக் கேட்டு எழுதிவைத்தார். 1441இல் எத்தியோப்பியத் துறவிகள் ஒரு குழுவாகப் புளோரன்ஸுக்கே வந்தார்கள். கறுத்த முகம் அந்த ஊருக்குப் புதிதல்ல.

1480இல் புளோரன்ஸில் கடை வைத்திருந்த தமிழர் என்று ஒருவரைப் படைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆண்டைத் தள்ளினால் வழி திறக்கும். 1514இல் போர்ச்சுகல் மன்னர் மானுவேல், போப் பத்தாம் லியோவுக்கு ஹன்னோ என்ற வெள்ளை யானையைப் பரிசாக அனுப்பினார். அந்தப் போப் லொரென்சோவின் மகன்தான். யானை இந்தியாவிலிருந்து வந்தது, பாகனோடு. ரோமில் இரண்டு ஆண்டு வாழ்ந்து 1516இல் இறந்தது. பாகனின் குடும்பம், அவர் பேசியது, அந்தக் குளிரில் அவர் எதைப் போர்த்திக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்துக்கு வேறென்ன வேண்டும்? யானை மட்டும்தான் கிடைக்காது.

எதிர்த்திசையிலும் வரலாம். பிலிப்போ ஸாஸெத்தி என்ற புளோரன்ஸ் வியாபாரி 1583 முதல் கொச்சியிலும் கோவாவிலும் மிளகு வாங்கிக்கொண்டிருந்தார், 1588இல் கோவாவில் இறந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பாம்பு, கடவுள் போன்ற சொற்கள் சமஸ்கிருதத்திலும் தன் மொழியிலும் ஒத்திருப்பதைக் கடிதத்தில் எழுதிய ஆள் அவர். அவரோடு பேரம் பேசும் ஒரு மிளகுத் தரகராக வரலாம். 1600க்கு முன்னால் என்பதால் பல குழுக்கள் ஏற்றுக்கொள்ளும்.

நான் சைவக் குடும்பம். கத்தோலிக்கராக நடிக்க வேண்டுமா?

கும்பிட வேண்டாம், ஆனால் நாள்காட்டி தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, ஜூன் 24 ஸ்நாபக யோவான் திருநாள், ஊர்த் திருவிழா, குதிரைப் பந்தயம். கடன் தவணை, வாடகை, கூலி எல்லாமே ஏதாவது புனிதரின் நாளை ஒட்டித்தான் பேசப்படும். நம்மூரில் "தைப்பூசத்துக்குத் தந்துவிடுகிறேன்" என்பது மாதிரி. பூசை, நற்கருணை போன்றவற்றை நடித்துக் காட்டுவதை நான் தவிர்ப்பேன். பார்ப்பவர்களில் பலருக்கு அது இன்றைய நம்பிக்கை.

அந்தக் காலத்தின் கொடுமைகளை என்ன செய்வது?

மறைக்கவும் கூடாது, விளையாடவும் கூடாது. கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பற்றாக்குறை வர, 1363இல் புளோரன்ஸ் கிறிஸ்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. பெரும்பாலும் கருங்கடல் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள், சிறுமிகள். நல்ல வசதியான வீடுகளில் இருந்தார்கள். நீங்கள் பட்டு வியாபாரி வேடம் கட்டினால் உங்கள் வரிக் கணக்கில் அப்படி ஒரு பெண் இருந்திருக்கக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். யாராவது கேட்டால் வேடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்றைய ஆளாக, நேராகச் சொல்லுங்கள். அடிமையை நடித்துக் காட்டுவது, வேற்று மதத்தவரை வசைபாடுவது இரண்டையும் நாங்கள் செய்வதில்லை.

பெண்களின் நிலைமை வேறு மாதிரி. அதை நடித்தே காட்டலாம். அங்கே ஆண்கள் முப்பதை ஒட்டியும் பெண்கள் பதினெட்டை ஒட்டியும் மணந்தார்கள். ஆகவே கைம்பெண்கள் ஏராளம். ஒரு பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முந்துவால்தோ என்ற ஆண் காப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்று சம்மதிக்க வேண்டும். எங்கள் கூடாரத்தில் பார்வையாளர் ஒருவர் மெழுகுவர்த்தி வாங்க வந்தால், "பொறுங்கள், என் கொழுந்தன் வரட்டும்" என்று அரை மணி நேரம் காக்கவைப்பேன். பத்துப் பக்கம் எழுதினாலும் புரியாதது அந்த அரை மணியில் புரிந்துவிடுகிறது. (மெழுகுவர்த்தி வாங்க முந்துவால்தோ தேவையில்லை என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருவார். சரிதான். நான் விற்பது கடையின் குத்தகையை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

என்ன சாப்பிடலாம்?

தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம், வான்கோழி, சாக்லேட் எதுவும் 1480இல் இல்லை. எல்லாம் கொலம்பசுக்குப் பின்னால் வந்தவை. அதே காரணத்தால் அன்றைக்கு நம்மூர்க் குழம்பிலும் மிளகாய் இல்லை என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். ரொட்டி, மது, அவரை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, ஒலிவ எண்ணெய் போதும். நோன்பு நாளில் பாதாம் பால். சைவ உணவுக்காரர்கள் நோன்பு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

மூக்குக் கண்ணாடி, போன், கைக்கடிகாரம்?

கண்ணாடிக்கு நீங்கள் சரியான ஊருக்கு வந்திருக்கிறீர்கள். அந்த நூற்றாண்டில் கண்ணாடி செய்வதில் புளோரன்ஸ் பேர்போனது. 1462இல் மிலான் டியூக் பிரான்செஸ்கோ ஸ்போர்சா மூன்று டஜன் கண்ணாடிகளை இங்கிருந்து வரவழைத்தார், தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் தனித்தனியாக. ஆனால் காதில் மாட்டும் கம்பி கிடையாது; மூக்கில் இடுக்கிக்கொள்வதுதான். கண் சரியில்லாமல் நடமாட முடியாது என்றால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கி விழ வேண்டாம். போன் பைக்குள். கைக்கடிகாரம் வீட்டில்.

பழைய இத்தாலிய மொழி பேச வேண்டுமா?

வேண்டாம். மேடை இத்தாலியன் உச்சரிப்பும் வேண்டவே வேண்டாம். நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு, தூ, வோய் என்று. அந்த மரியாதை வரிசையை உங்கள் நடையிலும் உட்காரும் விதத்திலும் காட்டினால் போதும். நோட்டரி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். கடைப் பையன் வந்தால் வேண்டாம்.

வாள் இல்லாமல் எப்படி?

நகருக்குள் ஆயுதம் தாங்கி நடக்க அனுமதி வாங்க வேண்டிய ஊர் அது. இடுப்பில் ஒரு பை, சாப்பிட ஒரு சிறு கத்தி. வாள் கேட்பவர்களை வாள் சண்டைக் கூடாரத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அவர்கள் அங்கேயே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

ஒருமுறை உருவாக்கிய பாத்திரத்தைப் பிறகு மாற்றலாமா?

தாராளமாக. புளோரன்ஸ் குடும்பங்கள் ரிக்கோர்தான்ஸே என்ற நோட்டு வைத்திருந்தார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணச் செலவு, கடன், மழை, போர் எல்லாம் ஒரே நோட்டில். வரிக் கணக்குக்கு அடுத்ததாக நான் எழுதச் சொல்வது அதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு இரண்டு வரி. தெரியாமல் உளறியதையும் அதில் எழுதிவிடுவேன், மறுமுறை அதுவே அவளுடைய சரித்திரமாகிவிடும். ஒருமுறை வாய் தவறி "என் இரண்டு மகள்கள்" என்றேன். அன்றிலிருந்து மொன்னாவின் மூத்த மகள் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரி.

இப்போது ஜினேவ்ராவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பெண்ணின் பெயரில் பணம் போட்டால் சில ஆண்டுகளில் பெருகி வரதட்சணையாகத் திரும்பி வரும் நிதி ஒன்றை அரசே 1425இலிருந்து நடத்திவந்தது. ஜொவன்னி சாவதற்கு முன் அதில் போட்டது 1484இல் முதிர்கிறது. ஆனால் பாட்ஸி சதியை ஒட்டி வந்த அந்தப் போருக்குப் பிறகு அரசு முழுத் தொகையையும் ரொக்கமாகத் தருவதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியும். ஓவியரிடம் அந்த 9 புளோரினை இந்த ஜூனில் மறுபடியும் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.